ருசி பார்க்கும் சோறு

சுலைஹாவால் ஓர் இடத்தில் நிற்க முடியாது. எனக்குப் பள்ளித் தோழி, இப்போது அண்ணன் மனைவி, மைனி. சனிக்கிழமை காலையில் ஜூமில் குடும்பங்களுக்குச் சமையல் சொல்லிக் கொடுப்பாள். தேங்காய்ப்பாலைக் குறை, உப்பைக் குறை, கீரையைக் கூட்டு! கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு அவள் பின்னால் அலைவது என் தலையெழுத்து.

இத்தனைக்கும் அவள் கட்டிக்கொண்டது யாரை? சூலியா ஸ்ட்ரீட் பக்கத்துச் சந்தில் நாசி கண்டார் கடை, சோற்றின் மேல் பல குழம்பு ஊற்றி விற்கும் கடை, வைத்திருக்கும் என் அண்ணன் நூர் முகம்மதுவை. "புருஷன் கொழுப்ப ஏத்திவிடுறாரு, பொண்டாட்டி எறக்கிவிடுறா" என்று தெருவே கேலி பேசும். எண்ணெயைப் பார்த்தால் சண்டைக்கு நிற்பாள் என்று, கடைப் பக்கம் வரவே வேண்டாம் என்றுவிட்டார் அண்ணன்.

கேலியெல்லாம் அண்ணன் காலில் புண் வரும்வரைதான். இனிப்புநீர் நோய். ரத்தத்தில் சீனி இறங்காவிட்டால் காலையே எடுக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். அன்றிலிருந்து மைனி அண்ணனின் தட்டையே முறைத்துக்கொண்டிருந்தாள். அவரும் அவள் வைத்த கைப்பிடிச் சோற்றையும் பாகற்காயையும் மறுபேச்சில்லாமல் சாப்பிட்டார். சீனி இறங்கினால்தானே!

"அப்ப நான் ஊருக்குச் சொல்றதெல்லாம் பொய்யா சுஹானா?" என்று என்னையே அரித்தெடுத்தாள். எனக்கு எரிச்சலும் வந்தது, அழுகையும் வந்தது.

போன சனிக்கிழமை வகுப்பில் பாகான் டாலாமிலிருந்து தர்மினி கேட்டாள்: "அக்கா, சமைக்கிறப்போ ருசி பாத்துப் பாத்தே வயிறு நெறஞ்சிடுது. அதையும் கணக்குல சேக்கணுமா?"

"சேக்காம? வாய்க்குள்ள போனா எல்லாம் சாப்பாடுதான்மா." மைனி சிரித்தாள். சட்டென்று சிரிப்பு நின்றது. என்னைப் பார்த்தாள். "கடையில ருசி பாக்குறது யாரு?"

"வேற யாரு, அண்ணன்தான்."

அகப்பையைப் போட்டுவிட்டு ஓடினாள். நானும் கைப்பேசியோடு ஓடினேன். அதை அணைக்கக்கூடத் தோன்றவில்லை.

கடை இன்னும் திறக்கவில்லை. சட்டிகளுக்கு முன்னால் அண்ணன், கையில் தட்டு நிறைய வெள்ளைச் சோறு. மீன் குழம்பில் ஒரு கரண்டி ஊற்றிப் பிசைந்து ஒரு வாய். அடுத்து கோழிக் குழம்பு.

"என்னங்க இது?"

"ருசி பாக்குறேன்லா. வெறுங்குழம்ப நக்குனா என்ன தெரியும்? சோத்தோட சேந்தாத்தானே தெரியும்."

"தெனமுமா?"

"கடை தொறந்த நாள்லேர்ந்து. இது சாப்பாடில்ல, வேலை."

அடித்துவிடுவாளோ என்று பயந்தேன். அவளோ சுவரில் சாய்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். "அந்தக் கால் போச்சுன்னா இந்தச் சட்டிக்கு முன்னால எப்படிங்க நிப்பீங்க?"

அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. "ருசி கெட்டா கடை போச்சு. வேற யாரு நாக்க நம்புறது?"

"என் நாக்க நம்புங்க." தட்டைப் பிடுங்கினாள். குழம்பைப் பிசைந்து வாயில் போட்டுக் கண்ணை மூடினாள். பரீட்சை எழுதியவர் போல அண்ணன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உப்பு பத்தல. இன்னும் கொஞ்சம் போடுங்க."

என் கையிலிருந்து தர்மினியின் குரல் கேட்டது: "அக்கா, உப்பக் குறைக்கச் சொன்னீங்களே?"

அண்ணன் உப்பை அள்ளிப் போட்டார். மைனி அடுத்த சட்டிக்குத் தட்டை நீட்டினாள்.