நனையாத மழைமானி

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா, மாமா, அவர்களுடைய இரண்டு பெண்கள் எல்லோரும் கரியாலூர்ப் பக்கம் அருவியில் குளிக்கக் கிளம்பினார்கள். நான் வரவில்லை என்றதும் அக்காவுக்குக் கோபம். "ஞாயித்துக்கெழம கூட கம்ப்யூட்டர்தானா? போடி, அதையே கட்டிக்கினு அழு" என்று திட்டிவிட்டுப் புளிச்சோற்றுத் தூக்கோடு வேனில் ஏறினாள். நான் கள்ளக்குறிச்சியில் எங்கள் ஆபீசுக்குப் போனேன்.

எங்கள் வேலை மழையைக் கணக்கெடுப்பது. கல்வராயன் மலையில் நான்கு இடங்களில் மழைமானி வைத்திருந்தோம். கால்மணிக்கு ஒருமுறை ஒவ்வொன்றும், பெய்த மழையின் அளவை எங்கள் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். அருவிக்கு மேலே இருக்கும் மழைமானியில் அளவு எல்லை தாண்டினால், அருவியின் டிக்கெட் கவுன்ட்டரில் சைரன் தானாக அலறும். குளிக்கிறவர்களை உடனே மேலே ஏற்றிவிடுவார்கள். மலையில் அப்படித்தான், மேலே கொட்டித் தீர்த்தால் கீழே வெயில் காயும்போதே வெள்ளம் வந்துவிடும்.

இத்தனைக்கும், வந்த எண் சரியா தப்பா என்று யாரும் பார்ப்பதில்லை. எது வந்தாலும் எங்கள் புரோகிராம் அப்படியே விழுங்கும். இதைச் சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது. மேலாளரை நச்சரித்து, எண்களை வரும் வழியிலேயே தானாகச் சோதிக்கும் ஒரு சரிபார்ப்பைச் சேர்க்க ஒருவழியாக அனுமதி வாங்கியிருந்தேன். அதில் ஒரு விதி இது: அக்கம்பக்கத்து மழைமானிகளில் மழை கொட்டும்போது ஒன்று மட்டும் பூஜ்யம் காட்டினால், அந்த எண்ணை நம்பாதே, ஒதுக்கி வை. அன்றைக்குத்தான் அதை முதல்முதலாக ஓடவிட்டேன். நான் அருவிக்குப் போகாததற்கு அதுதான் காரணம்.

மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்த நேரத்தில் திரையில் ஒரு வரி சிவப்பானது. கிழக்கே இருந்த மழைமானியில் நல்ல மழை. மேற்கே இருந்ததில் அதைவிட ஜாஸ்தி. நடுவில், அருவிக்கு மேலே இருந்ததில் மட்டும் பூஜ்யம். என் சரிபார்ப்பு அந்தப் பூஜ்யத்தைப் பிடித்து ஒதுக்கி வைத்திருந்தது. எனக்குத் தாங்கமுடியாத சந்தோஷம். நாற்காலியிலிருந்து எழுந்து கைகூடத் தட்டினேன்.

பிறகுதான் உறைத்தது. எண்ணை ஒதுக்கியாயிற்று, சரி. அடுத்து சைரனுக்கான புரோகிராம் என்ன செய்யும்? அதன் கைக்கு எண்ணே வராது. எண் வராவிட்டால் மழை இல்லை என்று எடுத்துக்கொண்டு சும்மா இருக்கும். பொய்யைப் பிடித்துவிட்டேன், ஆனால் அருவியில் யாருக்கும் அது தெரியப்போவதில்லை. அருவியில் இப்போது என் அக்கா பெண்கள் குளித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அக்காவுக்குப் போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. மாமாவுக்கும் அதே. டிக்கெட் கவுன்ட்டரில் மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மேலாளரைக் கூப்பிட்டேன்.

"பூஜ்யம்னா மழ இல்லன்னு அர்த்தம்மா. அக்கம்பக்கம் பேஞ்சா இங்கயும் பேயணும்னு சட்டமா இன்னா? மலையில ஒரு பக்கம் பேயும், ஒரு பக்கம் காயும்."

"சார், மெஷின் மேலயே எனக்கு சந்தேகமா இருக்குது சார். சைரனை அடிச்சிரலாம்."

"போன தடவ சும்மாவே கத்திச்சு. கூட்டத்தையே வெளிய தள்ளிட்டு, மழ ஒரு சொட்டு இல்லன்னு அருவிய நடத்துறவனுங்க என்னக் கிழிச்சித் தொங்கவுட்டானுங்க. இன்னொரு வாட்டி பொய்யா அடிச்சா சைரனையே கழட்டிடுவானுங்க. நீ கைய வெக்காத."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் எரிச்சல். மலையில் ஓர் ஊரில் பெய்து அடுத்த ஊரில் காய்வது உண்மை. சைரனைக் கழற்றிவிட்டால் இனி எந்த ஞாயிற்றுக்கிழமையும் யாருக்கும் எச்சரிக்கை இருக்காது. அழுகை வேறு முட்டிக்கொண்டு வந்தது.

மெஷின் பொய் சொல்கிறதா என்று அதையே கேட்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. அந்த மழைமானியின் பழைய எண்களை எடுத்துப் பார்த்தேன். மலை முழுக்க மழை பெய்த நாட்களில் எல்லாம் அதற்கு ஒரே பழக்கம். முதல் கால்மணிக்குக் கொஞ்சம் மழை காட்டும். அடுத்த கால்மணியிலிருந்து பூஜ்யம். அடுத்த மழைநாளிலும் அதே. அதற்கு அடுத்ததிலும் அதே. இன்றைக்கும் பன்னிரண்டே முக்காலுக்குக் கொஞ்சம் காட்டிவிட்டு, ஒரு மணிக்குப் பூஜ்யத்துக்குப் போயிருந்தது. எந்த ஊர் மழை ஒவ்வொரு தடவையும் தொடங்கிய கால்மணியில் நின்றுபோகும்?

இனி யாரிடமும் கேட்கப் போவதில்லை என்று தீர்மானித்தேன். ஒரு மழைமானியை நம்பமுடியாவிட்டால், பக்கத்து மழைமானிகளில் அதிகம் எதுவோ அதையே அதன் மழையாக எடுத்துக்கொள் என்று விதியை மாற்றி எழுதினேன். ஓர் எழுத்துப்பிழை வந்து புரோகிராம் ஓட மறுத்தது. திருத்தினேன். மறுபடி மறுத்தது. எல்லாத் தெய்வங்களையும் வாய்க்குள் திட்டிக்கொண்டே மறுபடி திருத்தினேன். இந்த முறை ஓடியது. 'சைரன் இயக்கப்பட்டது' என்று திரையில் வந்தது.

அதற்கப்புறம் செய்வதற்கு ஒன்றும் இல்லை. சோறு காய்ந்துகொண்டிருந்தது. மேலாளர் கூப்பிட்டார், எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார், எடுக்கவில்லை. மூன்றாவதாக வந்தது அக்காவின் போன். பின்னால் சைரன் அலறிக்கொண்டிருந்தது.

"இன்னாடி உங்க ஆபீசு? வெயிலு சுள்ளுனு அடிக்குது, சைரன் வுட்டு எல்லாத்தையும் மேல வெரட்டிட்டானுங்க. டிக்கெட்டு தர்ற எடத்துல நின்னுக்கினு கீறோம். செருப்பு தூக்கு எல்லாம் பாறமேலயே கெடக்குது, எடுக்கவே வுடமாட்டேங்குறான்..."

"எல்லாரும் மேலயா இருக்கீங்க? சின்னப் பாப்பா?"

"பலாச்சொள விக்கிற பொண்ணு தூக்கியாந்து வுட்டுச்சு. ஒங்க மாமா போயி செருப்ப மட்டும் எடுத்தாரேன்றாரு..."

"போவச் சொல்லாத! அக்கா, மாமாவப் புடி!" என்று கத்தினேன்.

யாரோ "ஐயோ" என்றார்கள். பிறகு ஒரு பெரிய இரைச்சல். அது நிற்கவே இல்லை. நான் அக்கா அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் அவள் குரல் வந்தது. கோபமெல்லாம் எங்கோ போயிருந்தது.

"அந்தப் பாறையே தெரியலடி."

பொழுது சாய்ந்ததும் வீட்டுக்கு வந்தார்கள். மாமா, அக்கா, பெரியவள் மூன்று பேரும் வெறுங்கால். சின்னவள் மட்டும் தன் காலைப்போல இரண்டு மடங்கு செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடந்துவந்தாள். பலாச்சுளை விற்ற பெண், கல் சுடும் என்று தன் செருப்பைக் கழற்றி மாட்டிவிட்டிருக்கிறாள். இடது செருப்பின் வாரைப் பச்சை ஒயரால் கட்டியிருந்தது. அக்கா என்னைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

மறுநாள் செருப்பைத் திருப்பிக் கொடுக்க ஒரு பையில் போட்டுக்கொண்டு மலை ஏறினேன். போகிற வழியில்தான் அந்த மழைமானி, ஒரு மாணவர் விடுதியின் பின்புறம். வானம் மூட்டமாக இருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது தூறல் பிடித்தது. விடுதியில் சமைக்கும் அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தார். கையில் உரச்சாக்கு. மழைமானியின் தலையில் அதைக் கவிழ்த்து, கயிற்றால் சுற்றி, அழகாக முடிச்சுப் போட்டார்.

"இன்னாம்மா பண்றீங்க?" என்று கத்தியேவிட்டேன்.

"மழ வருதுல்லங்க. வெல ஒசந்த மெஷினு, நனஞ்சா கெட்டுப்போவும். ஒரு மழைக்கும் நனய வுட்டதில்லங்க, பாத்துக்கினுதான் கீறேன்."

முகத்தில் அவ்வளவு பெருமை. மலை ஏறும்போது யாரை எப்படித் திட்டுவது என்று யோசித்து வைத்திருந்ததெல்லாம் எனக்கு வாயில் வரவில்லை. நாங்கள் ஆணி அடித்து நட்டுவிட்டு வந்தோமே தவிர, இது எதற்கு என்று ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை. இது நனைவதற்காகவே வைத்தது என்றேன். இது நனைந்தால்தான் கீழே அருவியில் சைரன் அடிக்கும், அடித்தால்தான் பாறையில் நிற்கிறவர்கள் ஏறுவார்கள் என்றேன். அவர் என் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் திறந்திருந்த பையில் பச்சை ஒயர் தெரிந்தது.

"இது எம்பொண்ணு செருப்பாச்சே" என்றார். "நேத்து வெறுங்காலோட வந்துச்சு. கேட்டா, ஒரு கொழந்தைக்குக் குடுத்துட்டேன்னுச்சு. இன்னைக்கும் அங்கதாங்க போயிருக்குது, பலாச்சொள விக்க."

தூறல் பலத்துக்கொண்டிருந்தது. அவர் திரும்பி முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். அவசரத்தில் அவிழவில்லை. குனிந்து பல்லால் கடித்து இழுத்தார். சாக்கை உருவித் தூர எறிந்துவிட்டு, கருவியின் பக்கத்திலேயே நின்றார்.

"நனயட்டுங்க" என்றார்.