பந்து தானாக வரும் மைதானம்

பேஸ்பால் ஆடிச் சம்பளம் வாங்கியவன் நான். இதைச் சொன்னால் ஏற்காடு கடைவீதியில் முதலில் வரும் கேள்வி, "கிரிக்கெட்டுங்களா?" இல்லை என்றால் கேட்டவர் முகம் வாடிப்போகும். ஏதோ எனக்கு உடம்பு சரியில்லை என்பதுபோல, "பரவால்லீங்க, உடுங்க" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போவார்.

இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவே நின்றுகொண்டு, தரையை உரசி வரும் பந்தைக் குனிந்து எடுத்து, முதல் பேஸில் நிற்பவனுக்கு எறிவதுதான் என் வேலை. சமவெளியில் ஒரு அலுவலகம் இதற்காகவே என்னை எடுத்தது. காகிதத்தில் குமாஸ்தா. உண்மையில் குனிவதற்குச் சம்பளம். குனிந்து குனிந்து என் முட்டி தேய்ந்தது. முதல் பேஸில் நின்ற என் நண்பனுக்கோ இடுப்பு போயிற்று. நான் தாறுமாறாக எறிந்ததை எகிறிப் பிடித்ததால்தான் என்று இன்றைக்கும் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான். ஆட முடியாதவர்கள் என்ன செய்வார்கள்? பயிற்சி கொடுப்பார்கள். அவன் சேலத்தில் ஒரு பெண்கள் அணிக்குக் கோச் ஆனான். நான் மலைக்குத் திரும்பி வந்து இங்கே ஒரு பெண்கள் அணியைச் சேர்த்தேன்.

பிள்ளைகளுக்குக் குறைவில்லை. எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்து பாதிப் பேர், கரடியூர்ப் பக்கம் சாமையும் காப்பியும் போடும் வீடுகளிலிருந்து மீதிப் பேர். மைதானம்தான் இல்லை. மலையில் சமதளமாக ஒரு துண்டு நிலம் இருந்தால் அதில் யாராவது லாட்ஜ் கட்டியிருப்பார்கள். கிளியூர் போகும் வழியில் ஒரு எஸ்டேட்டில் ஆரஞ்சு மரங்கள் பட்டுப்போன சரிவு ஒன்று சும்மா கிடந்தது. கெஞ்சிக் கூத்தாடி, ஆடுவதற்கு மட்டும் அதைக் கேட்டு வாங்கினேன்.

பேட் பிடிப்பவர் நிற்கிற ஹோமைச் சரிவின் அடியில் வைத்தேன். பந்தை அடித்துவிட்டு மூன்று பேஸையும் சுற்றி அந்த ஹோமுக்கே திரும்பி வந்தால் ஒரு ரன். எங்கள் பிள்ளைகள் அந்த ஹோமை ஊடு என்பார்கள். முதல் பாதி ஓட்டம் ஏற்றம், மறுபாதி இறக்கம். மூன்றாவது பேஸிலிருந்து ஓட வேண்டியதே இல்லை, கால் தானாக இழுத்துக்கொண்டு போகும். நிறுத்துவதுதான் பாடு. அதனால் ஊட்டுக்குப் பின்னால் காப்பித் தோல் அடைத்த மூட்டைகளை அடுக்கிவைத்தோம். மூட்டைக்கும் தப்பிப் பந்து கீழே உருண்டால் அவ்வளவுதான், கிளியூர் ஓடை வரைக்கும் போய்விடும். விட்டவர்தான் இறங்கி எடுத்து வர வேண்டும் என்பது சட்டம்.

மேலே அடித்த பந்துக்கு அந்தக் கவலை இல்லை. தானாக உருண்டு திரும்பி வரும். உச்சியில் நிற்கும் பெண், எங்கள் அணியிலேயே கை சுத்தமானவள், தலைக்கு மேல் போன பந்தைத் துரத்தவே மாட்டாள். இடுப்பில் கை வைத்து நின்று, அது காலடிக்கு வந்ததும் எடுத்து எறிவாள். புத்திசாலிப் பெண் என்று நானும் மெச்சிக்கொண்டேன். ஏற்றத்தில் ஓடிப் பழகினால் சமதளத்தில் பறப்பார்கள் என்பது என் கணக்கு.

இந்த நிலையில்தான் எஸ்டேட் ரைட்டர் வந்தார். ஆள் வேலையும் கணக்கும் பார்க்கிறவர். கூடவே ஒரு ஆளும் சுண்ணாம்பு வாளியும். மைதானம் முழுக்க வட்டம் வட்டமாகக் குறி போட்டார்கள்.

"என்னுங்க இது?" என்றேன்.

"சில்வர் ஓக் வெக்கறதுக்குக் குழிங்க சார். அதுல மொளகுக் கொடி ஏத்தோணும். புள்ளைங்க ஆடறதுல எஸ்டேட்டுக்கு என்னுங்க வருது?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஆனால் நிலம் அவர்களுடையது. கோபத்தை விழுங்கிக்கொண்டு கெஞ்சினேன். அவரும் மனுஷன்தான், கொஞ்சம் இறங்கினார். "மழைக்கு முன்ன ஒரு மேட்ச்சாவது ஜெயிச்சுக் காட்டுங்க. தொரைகிட்ட நான் பேசறேன். இல்லீன்னா குழிதானுங்க."

சேலத்தில் போட்டி. முதல் ஆட்டமே என் நண்பனின் அணியோடு. கொண்டை ஊசி வளைவுகளில் பாதி அணி வாந்தி எடுத்தபடியே இறங்கியது. உரம் வாங்க வந்த ரைட்டரும் குடையை விரித்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். மைதானம் தோசைக்கல் மாதிரி. தட்டை, சூடு, இரண்டும்.

முதல் இன்னிங்ஸிலேயே ஒரு சேலத்துப் பெண் ஓங்கி அடித்தாள். பந்து எங்கள் உச்சிப் பெண்ணைத் தாண்டிப் போய் விழுந்தது. அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஓடு கண்ணு! எடு!"

"வருமுங்க சார்!"

சேலத்துப் பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சுற்றி முடித்தார்கள். பந்து விழுந்த இடத்திலேயே கிடந்தது. அவள் என்னைப் பார்த்தாள், பந்தைப் பார்த்தாள். "வரலீங்க சார்!" என்று பந்தின்மேல் புகார் சொன்னாள். என் நண்பன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். வலியிலும் சிரிக்கிறான், பாவி.

நாங்கள் பேட் பிடித்தபோது அதைவிடக் கொடுமை. எங்கள் ஓட்டக்காரி மூன்றாவது பேஸ் வரை புயலாக வந்தாள். அங்கிருந்து நாலு எட்டு வைத்து, இனிச் சரிவு பார்த்துக்கொள்ளும் என்று காலைத் தளர விட்டாள். சரிவு வரவில்லை. சந்தைக்குப் போவதுபோல நடந்து வந்தவளைப் பந்தோடு காத்திருந்து அவுட் ஆக்கினார்கள்.

கத்திக் கத்தி என் தொண்டை போயிற்று. கடைசியில் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தினேன். "இங்க எந்தப் பந்தும் திரும்பி வராது சாமிகளா. எல்லாமே கிளியூர் ஓடைக்குப் போற பந்துன்னு நெனச்சுக்கங்க."

அது புரிந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு பந்தின் பின்னாலும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். ஆனாலும் விட்டதைப் பிடிக்க முடியவில்லை. தோற்றோம். திரும்பும் பஸ்ஸில் ரைட்டர் உர மூட்டையை அணைத்தபடி, "குழிக்கு ஆள் சொல்லிப்போடறனுங்க" என்றார். உச்சிப் பெண் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டு வந்தாள். எனக்கும் அழுகை வந்தது. கோச் அழக் கூடாது என்பதால் ஓட்டுநரோடு சண்டை பிடித்தேன்.

என் நண்பன் அந்த வாரமே போன் செய்தான். அவன் மனைவி ஏற்காடு ஏரியில் படகில் கூட்டிப் போகச் சொல்லி நச்சரிக்கிறாளாம். அணியையும் கூட்டிக்கொண்டு வந்து ஒரு ஆட்டம் ஆடட்டுமா என்றான். நான் ரைட்டரிடம் ஓடினேன். இதில் ஜெயித்தால் கணக்கில் சேருமா?

"மொதல்ல ஜெயிங்க. அப்பறம் பேசிக்கலாம்" என்றார். குழி தோண்டும் ஆட்களை மட்டும் நிறுத்திவைத்தார்.

இடைப்பட்ட நாளெல்லாம் ஒரே பாடம்தான் நடத்தினேன். ஓடு. நிற்காதே, ஓடு. பந்து தானாக வரும் என்று நம்பாதே.

சேலத்துப் பிள்ளைகள் எங்கள் சரிவைப் பார்த்ததும் வாயைப் பிளந்தார்கள். முதல் பேஸுக்குப் போவதற்குள் மூச்சு வாங்கியது. மேலே துரத்திப் போனவர்களைக் கடந்து பந்து கீழே இறங்கிவந்தது. இருந்தாலும் திறமையான பிள்ளைகள், விட்டுக்கொடுக்கவில்லை. கடைசி இன்னிங்ஸில் எங்களுக்கு ஒரே ஒரு ரன் கூடுதல். அவர்களுக்கு இரண்டு பேர் அவுட், முதல் பேஸில் ஒரு பெண், பேட்டோடு இன்னொருத்தி. இன்னும் ஒரு அவுட் எடுத்தால் ஜெயித்துவிடுவோம்.

அடித்தாள். உச்சிப் பெண்ணின் தலைக்கு மேலே, நல்ல உயரத்தில் போயிற்று பந்து. முதல் பேஸ்காரி கிளம்பிவிட்டாள்.

"ஓடு கண்ணு!" என்று கத்தினேன். நான் சொல்லிக்கொடுத்தபடியே அவள் திரும்பி, மேட்டில் ஓடத் தொடங்கினாள்.

"ஓடாத சாமி! நில்லு! வரும், நில்லு!"

ரைட்டர். குடையைத் தூக்கி எறிந்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோட்டுக்குள்ளேயே வந்துவிட்டார். அவள் நின்றாள். இடுப்பில் கை வைத்தாள். முதல் பேஸ்காரி இரண்டாவதைத் தாண்டி மூன்றாவதுக்கு இறங்கிக்கொண்டிருந்தாள். என் வாழ்நாளில் அவ்வளவு மெதுவாக ஒரு பந்து உருண்டு நான் பார்த்ததில்லை. ஒரு கல்லில் தட்டித் திரும்பி, புல்லில் தயங்கி, நேராக அவள் காலடிக்கு வந்தது. எடுத்தாள். நான் இளமையில் நின்ற இடத்தில் நின்ற பெண்ணுக்கு எறிந்தாள். அவள் ஊட்டுக்கு எறிந்தாள்.

பந்து வருவதற்கு முன்பே சேலத்துப் பெண் வந்துவிட்டாள். ஆனால் அவளால் நிற்க முடியவில்லை. ஊட்டை மிதிக்காமலே தாண்டிப் பறந்து காப்பித் தோல் மூட்டைக்குள் புதைந்தாள். ஊட்டில் நின்ற எங்கள் பிள்ளை பந்தைப் பிடித்து, நிதானமாக நடந்து போய், மூட்டைக்கு வெளியே தெரிந்த காலைப் பந்தால் தொட்டாள். மூன்றாவது அவுட்.

என் நண்பன், "இது பேஸ்பாலே இல்ல, இது வேற" என்று கத்தினான். அவனைக் கட்டிப்பிடித்தேன். இடுப்பு வலிக்கிறது என்றான்.

மறுநாள் காலையில் போனபோது கடப்பாறையோடு ஆட்கள் நின்றார்கள். ரைட்டர் அவர்களை ஊட்டுக்குப் பின்னால், மூட்டைகளுக்கும் கீழே ஒரே வரிசையில் தோண்டச் சொல்லிக்கொண்டிருந்தார். சில்வர் ஓக் நாற்றுகள் பக்கத்தில் இருந்தன.

"தொரைகிட்டப் பேசிட்டனுங்க. இங்க வெச்சா பந்து ஓடைக்குப் போவாது பாருங்க" என்றார். மேலே சுண்ணாம்பு வட்டங்களைப் பிள்ளைகள் காலால் அழித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு நாற்றைத் தூக்கி அவரிடம் கொடுத்தேன்.

அதை வாங்கிக் குழியில் வைத்து, மண்ணை மிதித்துக்கொண்டே கேட்டார்:

"ஏனுங்க சார், சேலத்துக்கு மறுக்கா எப்பங்க போறோம்?"