மருந்துக்கடைக்கு அடுத்த வீடு

எழுதுவதற்கு உனக்கு என்ன தகுதி என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பேன். பத்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. நாலு பேர் சேர்ந்து நின்றால் சுவரோரம் ஒதுங்குகிற ஆள் நான். சுவிட்சர்லாந்தில், பீல் நகரத் தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து எல்லாரும் கோப்பியோடு கதைத்துக்கொண்டு நிற்கும்போது, கோப்பை கழுவுகிற சாக்கில் உள்ளே போய்விடுவேன். அப்படிப்பட்டவள் ஒரு ஜெர்மன் இராணுவ அதிகாரியின் கதையையும் அவருடைய ஊரின் வரலாற்றையும் எழுத வெளிக்கிட்டது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். யாருக்காவது சொல்லாமல் இருக்க முடியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணை யாழ்ப்பாணத்திலிருந்து தொலைபேசியில் கதைத்தார். எங்கள் ஊர் இன்னும் இலங்கை இராணுவத்திடம்தான் இருக்கிறது. ஊரின் பெயரை எழுதமாட்டேன். அண்ணை அங்கே போய்வர வேண்டியவர். கோயில் திருநாளுக்கு மட்டும் ஒரு நாள் பாதையைத் திறந்துவிடுவார்கள். இம்முறை பூசை முடிந்ததும் அண்ணை துணிந்து காவலில் நின்றவனிடம் கேட்டு, எங்கள் வீடு வரைக்கும் போய்விட்டார். போவதற்கு முதல் நாள் நான் அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தேன்.

"அண்ணை, கிணத்துக் கட்டில அப்பான்ர பேர் கிடக்கோ எண்டு மட்டும் பாருங்கோ."

அப்பா கடலில் உழைத்துக் கட்டிய வீடு அது. கிணறு கட்டி முடித்த அன்று, சீமெந்து காயமுன்னம் ஒரு ஆணியால் தன் பெயரைக் கீறிவைத்தார். கையெழுத்து கோணல். அம்மா சிரித்தா. "படகுக்குப் பேர் எழுதினமாதிரிக் கிடக்கு" என்றா. அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. வீட்டு உறுதிப் பத்திரம் இடம்பெயர்ந்தபோது தொலைந்துபோனது. அது எங்கள் வீடு என்று சொல்ல அந்த ஆணிக் கீறல்தான் மிச்சம் என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

"விறாந்தையில சப்பாத்தெல்லாம் வரிசையா அடுக்கி வைச்சிருக்கிறாங்கள். பொலிஷ் மணம் மூக்கை அடைக்குது" என்று அண்ணை தொடங்கினார். ஒரு பெரிய அதிகாரி அங்கே தங்கியிருக்கிறாராம். மிச்சத்தைப் பிறகு சொல்கிறேன். பொலிஷ் மணம் என்றதும் என் மனம் எங்கள் விறாந்தைக்குப் போகாமல், இங்கே பீலில் ஒரு முதியோர் இல்லத்தின் மூன்றாம் மாடிக்குப் போய்விட்டது.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் எனக்குக் கிடைத்த முதல் வேலை அந்த இல்லத்துச் சமையலறையில். கிழங்கு உரிப்பது, தட்டுக் கழுவுவது. பீலில் பாதிப் பேர் பிரெஞ்சு, பாதிப் பேர் ஜெர்மன். எனக்கு இரண்டும் தெரியாது. அதனால் யாருக்கும் பாரபட்சம் காட்டாமல் எல்லாரையும் பார்த்துச் சிரிப்பேன். பிறகு கொஞ்சம் ஜெர்மன் பிடிபட்டதும் அறைகளுக்குச் சாப்பாடு கொண்டுபோக மேலே அனுப்பினார்கள். மூன்றாம் மாடியில் லிஃப்ட் கதவு திறந்தால் மற்ற மாடிகளைப்போல சூப் மணமோ மருந்து மணமோ வராது. சப்பாத்துப் பொலிஷ் மணம்தான் வரும். ஊரில் அந்த மணம் வந்தால் இராணுவம் வருகிறது என்று அடையாள அட்டையைக் கையில் எடுத்துவைப்போம். இங்கேயும் முதல் கிழமை முழுக்க என் கை தன்பாட்டில் சட்டைப்பையைத் தேடியது. பைக்குள் இருந்தது கைதுடைக்கிற துணி.

அந்த மணத்துக்குச் சொந்தக்காரர் ஹெர் லெங்க், எங்கள் பாஷையில் திருவாளர் லெங்க். நெட்டையான மனிதர். வெளியே போகாதவர், ஆனால் தினமும் சப்பாத்து மினுக்குவார். ஹிட்லர் காலத்து ஜெர்மன் இராணுவத்தில் கப்டனாக இருந்தவர், கிழக்கே சண்டை பிடித்தவர், ரஷ்யர்களிடம் கைதியாக இருந்தவர். விடுதலையாகி வந்தபோது அவருடைய ஊர் போலந்துக்குப் போயிருந்தது. இந்த ஊர்ப் பெண் ஒருத்தியைக் கட்டி இங்கே வந்து, அந்த அம்மாவும் செத்த பிறகு தனியாகிவிட்டார். இதெல்லாம் ரூத் சொன்னது. ரூத் என்னோடு வேலை செய்த சுவிஸ்காரி, வாய் கொஞ்சம் நீளம்.

"அந்தாளிட்டக் கதை குடுக்காதை. பிறகு நெப்போலியன் வந்துதான் உன்னை மீட்கவேணும்" என்று எச்சரித்தாள். (மற்றவர்களின் ஜெர்மனை எனக்கு வந்தபடி என் தமிழில்தான் எழுதுகிறேன். ஹெர் லெங்க் யாழ்ப்பாணத்தார்போலக் கதைத்தால் குற்றம் என்னுடையது.)

நான் கதை கொடுத்தேன். வேண்டுமென்றல்ல, பழக்கதோஷம். எங்கள் ஆட்கள் இருவர் சந்தித்தால் பெயர் கேட்க முதல் ஊரைக் கேட்போம் அல்லவா? சுவிஸ்காரர் அப்படிக் கேட்கமாட்டார்கள், அதுவும் அந்த வயது ஜெர்மன்காரரிடம் கேட்கவே மாட்டார்கள். அது எனக்குத் தெரியாது. தட்டை வைத்துவிட்டு, எனக்குத் தெரிந்த சொற்களை ஒட்டவைத்து, "உங்களுக்கு எந்த ஊர்?" என்றேன்.

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். கண் கலங்கிவிட்டது. "ஃப்ரொய்லைன், இந்த வீட்டில அதை ஒருத்தரும் என்னைக் கேட்டதில்லை" என்றார். ஃப்ரொய்லைன் என்றால் மிஸ் மாதிரி.

அன்றைக்குத் தொடங்கியது. ஓடர் ஆற்றங்கரையில் ஒரு சிறிய ஊர். அவர் சொன்ன பெயர் இப்போது வரைபடத்தில் இல்லை. போலந்துக்காரர் வேறு பெயர் வைத்துவிட்டார்கள். நெசவுகாரர் வந்து குடியேறிய ஊர். செங்கல் கோயில். ஸ்வீடன் நாட்டுப் படை வந்து எரித்தது. மறுபடி கட்டினார்கள். நெப்போலியனின் படை வந்து கோயிலுக்குள் குதிரை கட்டியது. குதிரைச் சாண மணம் போக எத்தனை வருடம் எடுத்தது என்பதுவரை சொல்வார். எரித்த ஸ்வீடன் தளபதியின் பெயரைச் சொல்லும்போது, போன கிழமை எரித்தவன்மாதிரிப் பல்லைக் கடிப்பார். கடைசியாக ரஷ்யர்கள். பனிக்குள் வண்டில் கட்டிக்கொண்டு அவருடைய தாயும் தமக்கையும் ஓடியது. தமக்கை வீட்டு முற்றத்தில் ஒரு வால்நட் மரம் இருந்தது. அந்த வருடக் காயெல்லாம் சாக்கில் கட்டியபடியே நிலவறையில் கிடந்துவிட்டது என்று ஒவ்வொரு முறையும் சொல்வார்.

எனக்கு எங்கள் அடுப்படி ஞாபகம் வரும். நாங்களும் அப்படித்தானே ஓடிவந்தோம். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. அதை இறக்கக்கூட அம்மா எங்களை நிற்கவிடவில்லை. இந்த நாட்டில் என் மனதை விளங்கக்கூடிய ஒரே ஆள் இந்தப் பழைய இராணுவக்காரன்தானோ என்று நான் நினைத்ததுண்டு. விசர்தான்.

எங்களுக்கு இன்னொரு பழக்கம் இருக்கிறது. ஊரைச் சொன்னால் விடமாட்டோம். எந்தப் பக்கம், எந்த ஒழுங்கை, ஆர் வீட்டுக்குப் பக்கம் என்று கேட்டுக்கேட்டு வாசல்வரை போனால்தான் நிம்மதி. கலியாண வீட்டில் முன்பின் தெரியாத ஆளோடு அப்படி ஒழுங்கை ஒழுங்கையாய்ப் போய், கடைசியில் சொந்தக்காரராய்த் திரும்பி வருவோம். ஒருநாள் அவருடைய தெருவிலும் அப்படியே நடக்கத் தொடங்கினேன்.

"முதல் வீடு ஆர்?"

"பேக்கரிக்காரன்." பெயர் சொன்னார். பிள்ளைகளின் பெயரும் சொன்னார்.

"அங்கால?"

"வைத்தியர். அங்கால மருந்துக்கடை. அங்கால மதகுரு வீடு."

அதற்கு முதல் ஒருநாள் இதே தெருவைச் சொன்னபோது மருந்துக்கடையின் சுவரும் மதகுரு வீட்டுச் சுவரும் ஒட்டவில்லை என்று சொல்லியிருந்தார். மற்றவர்களுக்கு அது மறந்திருக்கும். எங்களுக்கு மறக்காது, காணிச் சண்டையில் வளர்ந்தவர்கள் நாங்கள்.

"இரண்டுக்கும் நடுவில ஒரு வீடு இருக்கவேணுமே?"

"அதுதான் என்ர அக்காவின்ர வீடு. வால்நட் மரம் நிண்ட வீடு. கலியாணம் முடிச்சு அங்க குடிபோனவ. நான் சண்டையில இருந்து லீவில வந்து கலியாணத்தில ஆடினனான்."

"அப்ப அதுக்கு முதல் ஆர் இருந்தவை?"

அவர் சூப்பைக் கலக்கினார். "அது வெறுமனே கிடந்த வீடு" என்றார்.

"கட்டின ஆக்கள்?"

"துணி வியாபாரி ஒருத்தன். யூதன். அவையள் போயிட்டினம்."

"எங்க?"

"போயிட்டினம்" என்றார் மறுபடியும். சூப் ஆறிவிட்டது, சூடாக்கிக் கொண்டுவரச் சொன்னார்.

ஏதோ ஒன்று எனக்கு விளங்கியும் விளங்காமலும் இருந்தது. சமையலறையில் ரூத்திடம் கேட்டேன். அவள் கையில் இருந்த தட்டை வைத்துவிட்டு, சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். யூதர்களை எங்கே கொண்டுபோனார்கள், என்ன செய்தார்கள் என்று சொன்னாள். நான் சூடாக்கிய சூப்பை எடுத்துக்கொண்டு மேலே போனேன். அதுதானே என் வேலை.

அதற்குப் பிறகும் அவர் கதை சொன்னார். நான் ஒரே ஒரு கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன். "அந்தத் துணி வியாபாரியின்ர பேர் என்ன?" கதவின் பச்சை நிறம் அவருக்கு ஞாபகம். வாசல் படியில் ஒரு மூலை உடைந்திருந்தது ஞாபகம். சின்ன வயதில் அந்த மனிதர் தனக்கு ஒரு நீலத் துணித்துண்டு தந்தது, அதில் கொடி செய்தது, அதுகூட ஞாபகம். பெயர் மட்டும் மறந்துவிட்டது. நூற்றாண்டுகளுக்கு முன் வந்து எரித்துவிட்டுப்போன தளபதியின் பெயர் தெரிந்தவருக்குப் பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் தெரியவில்லை. கடைசியில் ஒருநாள் எரிச்சலோடு, "ஃப்ரொய்லைன், நீ சாப்பாடு குடுக்க வாறியோ, விசாரிக்க வாறியோ?" என்றார். நான் பயந்தவள், மன்னிப்புக் கேட்டேன். இப்போது நினைத்தால் அதுதான் வாய்க்குள் கசக்கிறது.

ஒன்று சொல்லவேண்டும். அத்தனை காலத்திலும் அவர் ஒருநாள்கூட என்னிடம், "உனக்கு எந்த ஊர்?" என்று திருப்பிக் கேட்கவில்லை.

ஒரு மாரிகாலத்தில் அவர் செத்துப்போனார். தேடி ஒருவரும் வரவில்லை. நானும் ரூத்தும்தான் அறையை ஒதுக்கினோம். சப்பாத்துகளைச் சாம்பல் நிறக் குப்பைப் பையில் போட்டபோது அவை ஈரம்போல மினுங்கின. "நெப்போலியன் கடைசியா மீட்டிட்டான்" என்றாள் ரூத். நான் சிரித்தேன். அந்தத் தெருவின் வீடுகளை வரிசையாகச் சொல்லக்கூடியவள் இனி உலகத்தில் நான் ஒருத்திதான் என்று பிறகு தோன்றியது. ஓடர் ஆற்றை நான் கண்ணால் கண்டதில்லை.

பிறகு எனக்கு இந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்தது. இங்கே கடவுச்சீட்டில் பிறந்த ஊர் எழுதுவதில்லை. சொந்த ஊர் என்று, குடியுரிமை தந்த ஊரை எழுதுவார்கள். எனக்குப் பீல். கையில் வாங்கி, பக்கம் பக்கமாய்ப் புரட்டி எங்கள் ஊரைத் தேடினேன். கவுண்டரில் இருந்த பெண் ஏதும் பிழையோ என்று கேட்டா. எல்லாம் சரி என்றேன்.

இனி அண்ணை சொன்ன மிச்சம். பக்கத்து வீடுகள் ஒன்றும் இல்லையாம், இடித்து மட்டமாக்கிப் புல் வளர்த்திருக்கிறார்களாம். எங்கள் வீடு மட்டும் வெள்ளையடித்து, பூச்சாடி வைத்து, நாங்கள் இருந்ததைவிட வடிவாய் இருக்கிறதாம். அதிகாரி வெளியே வந்து, நல்ல மாதிரி, கதிரை போட்டு இருத்தியிருக்கிறார்.

"யாழ்ப்பாணத்தில எந்த இடம் எண்டு கேட்டான். இந்த ஊர்தான் சேர், இந்த வீடுதான் எண்டு சொன்னன்."

"அதுக்கு?"

"சிரிச்சான். நல்ல வீடு, நல்ல தண்ணி எண்டான். தேத்தண்ணி தந்தவன். வெளிக்கிடேக்க எங்கட மாமரத்து மாங்காய் ஒரு பை நிறையப் போட்டுத் தந்தவன்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"என்ன சொல்லுறது, தாங்ஸ் எண்டன்."

அவரை நான் எப்படிக் குறை சொல்வேன்? ஹெர் லெங்கிடம் மன்னிப்புக் கேட்டவள் நான்.

"கிணத்துக் கட்டு, அண்ணை?"

அவர் இருமினார். "கட்டெல்லாம் புதுசாப் பூசியிருக்கு, பிள்ளை. வழுவழு எண்டு கிடக்கு. நான் கையால தடவிப் பாத்தனான். கீழ ஏதும் தட்டுப்படுமோ எண்டு. அவன் பாத்துக்கொண்டு நிண்டவன்."

"அப்பான்ர பேரைக் கேட்டவனோ?"

"இல்லை" என்றார் அண்ணை. "கேக்கேல்லை."

மறுநாள் அண்ணையிடமிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. மாங்காய் இரண்டு பழுத்துவிட்டதாம். பிள்ளைகள் சாப்பிட்டார்களாம். நல்ல இனிப்பாம்.