ஐந்து நாட்டுக்கும் ஒரே வாளி

அந்த உணவகத்தின் மெனுவில் ஐந்து நாட்டுச் சாப்பாடு உண்டு. சமையலறையில் இருப்பதோ ஒரே வாளி சிவப்பு சாஸ். சோயா ஊற்றினால் சீனா, சீஸ் தூவினால் இத்தாலி, தேங்காய்ப்பால் விட்டால் தாய்லாந்து. வாளியை யாரும் கழுவுவதில்லை. பழையதன் மேலேயே புதியதைக் கொட்டுவார்கள். விளிம்பில் படிந்த கறுப்புப் பிசுக்கைப் பார்த்தாலே சமையல்காரருக்குக் குமட்டும். ஒன்பது வருடமாக அங்கே சமைக்கிறார். ஒரு வாய் தின்றதில்லை.

அவர் மகளின் கல்யாணம் பேச மாப்பிள்ளை வீட்டார் அங்கேதான் வருவோம் என்றார்கள். சமையல்காரர் அன்று விடுப்பு எடுத்து, இஸ்திரி போட்ட சட்டையில் அவர்கள் எதிரே உட்கார்ந்தார்.

"உங்க ஓட்டலை விட்டுட்டு வேற எங்க போறது சம்பந்தி? நூடுல்ஸ், பாஸ்தா எல்லாம் சொல்லிட்டோம்" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

தட்டுகள் வருவதற்கு முன்பே புளித்த வாடை வந்தது. தட்டு வந்ததும் அந்த அம்மாள் முள்கரண்டியைத் தூக்கினார். கல்லாவிலிருந்து முதலாளி சிரித்துக்கொண்டே பார்த்தார்.

"வெச்சிடுங்கம்மா. அதைத் தின்னாதீங்க" என்றார் சமையல்காரர்.

"ஏன், ரொம்பச் சூடா?"

"பழைய சாஸையே சூடு பண்ணிப் பண்ணித்தான் ஒன்பது வருஷமா ஏமாத்துறோம்."

அந்த அம்மாள் தட்டை முகர்ந்தார். முகம் கோணியது.

"எங்களுக்குச் சொல்லிட்டீங்க. மத்த மேசைக்காரங்க மனுஷங்க இல்லையா?"

சமையல்காரர் எழுந்து உள்ளே போனார். வாளியைத் தூக்கிச் சாக்கடையில் கவிழ்த்தார். அடியில் இருந்தது வழுக்கி விழவே நேரம் பிடித்தது.

"இனிமே இந்தப் பக்கமே வராதே!" என்று முதலாளி கத்தினார்.

வாசலில் அந்த அம்மாள் மூக்கைப் பொத்தியபடி காத்திருந்தார்.

"முதல்ல கையை நல்லாக் கழுவிட்டு வாங்க, சம்பந்தி. அப்புறம் பேசலாம்."