இரண்டு தட்டு, ஒரு தட்டு

பேய், ஆவி என்று யாராவது பேச ஆரம்பித்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதனால் ஆர்வோ நிஸ்கலாவைப் பற்றிச் சொல்ல வேண்டியவன் நானாக இருப்பதில் எனக்கே எரிச்சல்தான். ஆனால் அவனோடு நான் ஆடிய பனி ஹாக்கி அணியில் இன்னும் உயிரோடு இருப்பது நான் ஒருத்தன். நான் சொல்லாவிட்டால் ஊர் தன் இஷ்டத்துக்குக் கைகால் வைத்துச் சொல்லிவிடும்.

ஆர்வோ எங்கள் ஊரில் வீடு வீடாகப் போய் அடுப்பும் கொதிகலனும் பழுதுபார்த்தவன். நல்ல வேலைக்காரன், வாய்ப்பேச்சு கிடையாது. யார் வீட்டுக்குப் போனாலும் கதவை இரண்டு முறை தட்டுவான். ஒரே ஒரு முறை தட்டியதை யாரும் பார்த்ததில்லை. சுரங்க வேலைக்கு வந்து குடியேறிய பின்லாந்துக்காரர்களுக்கு ஆளுக்கொரு கிறுக்கு என்று, அதே வேலைக்குக் கார்ன்வாலிலிருந்து வந்த எங்கள் குடும்பத்துக் கிழவிகள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது.

அவன் அந்த வேலைக்குப் போவதற்கு முன்னால், நாங்கள் படித்துக்கொண்டிருந்த முப்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. செம்புச் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. ஊரில் பாக்கியிருந்த ஒரே சந்தோஷம் எங்கள் சுரங்கக் கல்லூரியின் ஹாக்கி அணி. ஆர்வோ கோல்கீப்பர். அவனுக்கு முன்னால் தடுப்பாட்டத்தில் இரண்டு பேர்: இடப்பக்கம் நான், வலப்பக்கம் அவனுடைய அண்ணன் சுலோ.

கோல்கீப்பருக்கு முதுகில் கண் கிடையாது. தான் சரியான இடத்தில் நிற்கிறோமா என்று பார்க்க, மட்டையால் இடக் கம்பத்தை ஒரு தட்டு, வலக் கம்பத்தை ஒரு தட்டு தட்டிக்கொள்வான். அதற்குச் சுலோ பனியில் மட்டையைத் தட்டிப் பதில் சொல்வான். ஒரு தட்டு என்றால் "வெளியே வா". இரண்டு தட்டு என்றால் "நீ அங்கேயே இரு, நான் பார்த்துக்கொள்கிறேன்". சின்ன வயதில் வீட்டுக் கொல்லையில் ஆடும்போது இருவரும் வைத்துக்கொண்ட பாஷை. கூச்சல் போட்டால் எதிரிக்கும் கேட்கும், இது கேட்டாலும் புரியாது.

டிசம்பரில் எங்கள் ஆட்டக் கொட்டகைத் தளத்தில் இன்னும் தண்ணீர் விட்டு உறைய வைக்கவில்லை. ஊருக்குக் கீழே நீண்டு கிடக்கும் குடா உறைந்திருந்ததால் அங்கே பயிற்சி செய்தோம். ஒரு சாயங்காலம் யாரோ அடித்த ரப்பர் வட்டு கோலைத் தாண்டி வெகுதூரம் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. கோலைத் தாண்டிய வட்டை எடுத்து வருவது கோல்கீப்பரின் வேலை. ஆர்வோ திரும்பினான். சுலோ இரண்டு தட்டுத் தட்டினான். ஆர்வோ நின்றுவிட்டான்.

சுலோ சீட்டியடித்துக்கொண்டே போனான். குனிந்து வட்டை எடுத்ததைப் பார்த்தேன். அடுத்துப் பார்த்தபோது அங்கே ஆள் இல்லை. ஒரு அலறல்கூட இல்லை. நாங்கள் குப்புறப் படுத்து, ஒருவன் காலை ஒருவன் பிடித்துச் சங்கிலியாக ஊர்ந்து போனோம். ஒரு கதவு அளவுக்குக் கறுப்புத் தண்ணீர் தெரிந்தது, அவ்வளவுதான்.

எங்கள் குடா பெரிய ஏரியில் போய்ச் சேர்கிறது. அந்தக் குளிர்ந்த தண்ணீரில் பிணம் மிதக்காது. வசந்தத்தில் பனி உடைந்து ஓடும்போது குடாவில் இருப்பதையெல்லாம் ஏரிக்கு இழுத்துக்கொண்டு போகும். ஏரிக்குள் போனவன் கரைக்கு வந்ததாகச் சரித்திரமே இல்லை. சுலோ கிடைப்பதானால் பனி உடைவதற்குள் கிடைக்க வேண்டும். வேலை இழந்த சுரங்கக்காரர்கள் ரம்பத்தோடு வந்து, நீரோட்டம் போகும் பக்கமெல்லாம் பனியை அறுத்துக் கொக்கி போட்டுத் துழாவினார்கள். ஒன்றும் அகப்படவில்லை.

அவர்கள் அம்மா ஹில்மா இறுதிச்சடங்குக்கு ஒப்புக்கொள்ளவில்லை. பாதிரியார் வந்து கேட்டபோது நான் அங்கே இருந்தேன். "எம் புள்ள வீட்டுக்கு வரட்டும். அப்புறம் மணி அடிங்க" என்றாள். அழவில்லை. சனிக்கிழமை தவறாமல் நீராவிக் குளியலறையில் நெருப்பு மூட்டி, ஆணியில் இரண்டு பையன்களுக்கும் இரண்டு துண்டு மாட்டுவாள். மறுநாள் காலையில் ஈரமாகாத துண்டை மடித்து உள்ளே வைப்பாள்.

இந்தப் பருவம் ஆர்வோ ஆட மாட்டான் என்று எல்லோரும் நினைத்தோம். முதல் ஆட்டத்துக்குத் தானாகவே வந்து நின்றான். கொட்டகைத் தளத்தில் அப்போதுதான் பனி இறுகியிருந்தது. அதையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"ட்ரெம்பாத், இந்தத் தண்ணி எங்கேருந்து அடிச்சது?" என்று என்னைக் கேட்டான்.

வழக்கம்போல் குடாவிலிருந்துதான் குழாய் போட்டு இறைத்திருந்தார்கள். வருஷா வருஷம் நடப்பதுதான். ஆனால் அவன் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. சுலோ கிடந்த தண்ணீரின் மேல் நாங்கள் ஸ்கேட் கட்டிக்கொண்டு நின்றிருந்தோம்.

ஆட்டம் தொடங்கியது. ஆர்வோ இடக் கம்பத்தைத் தட்டினான், வலக் கம்பத்தைத் தட்டினான். அவன் முதுகுக்குப் பின்னால், பலகைச் சுவரிலிருந்து, இரண்டு தட்டுக் கேட்டது.

குளிரில் பலகை சுருங்கினால் சத்தம் போடும். அதைத்தான் அவனிடமும் சொன்னேன். இடைவேளையில் அந்தச் சுவருக்கு வெளிப்பக்கம் போய்ப் பார்த்தேன். இடுப்பளவு புதுப் பனி, ஒரு காலடித் தடம் இல்லை. பலகைதான் என்று மறுபடி சொன்னேன்.

பிறகு ஒவ்வொரு ஆட்டத்திலும் அப்படியே. அவன் தட்டுவான், பின்னாலிருந்து இரண்டு தட்டு வரும். அவன் கோலை விட்டு ஒரு அடி நகர மாட்டான். அந்தப் பருவம் அவன் ஆடிய ஆட்டத்தைச் சொல்லி மாளாது. நாங்கள் ஜெயித்துக்கொண்டே போனோம். எங்கள் கேப்டன் பாஸ்கோவுக்குத் தலைகால் புரியவில்லை. வெளியூரில் ஒரு ஆட்டம். அங்கே கோலுக்குப் பின்னால் பலகையே கிடையாது, வெறும் கம்பிவலை. அங்கும் மரத்தை மரம் தட்டுகிற அதே சத்தம் கேட்டது. அன்றைக்கு ரயிலில் திரும்பும்போது ஆர்வோ என் பக்கம் திரும்பினான்.

"அண்ணன் இருன்னுதான் சொல்றான். இருக்கேன். ஆனா பனி இளகப்போகுதே, எப்பக் கூப்பிடுவான்?"

வாயை மூடிக்கொண்டு தூங்கடா என்று எரிந்து விழுந்தேன். எனக்குத் தூக்கம் வரவில்லை.

மார்ச்சில் வெயில் அடித்தது. கொட்டகைக்குள் பனி உருகிக் குட்டை குட்டையாகத் தேங்கிவிட்டது. கடைசி ஆட்டம் பாக்கி, ஜெயிக்கிறவர்களுக்குத்தான் கோப்பை. குடாவின் கரையோரம் பனி இன்னும் கனமாக இருந்ததால் அங்கேயே ஆடிவிடலாம் என்று இரண்டு கல்லூரியும் முடிவு செய்தன. ஒரு மதியம், பனியை வாரிச் சுற்றிலும் வரப்பு கட்டிக்கொண்டு ஆடினோம். ஊரே கரையில் நின்றது. அது வரை கரைப்பக்கமே வராத ஹில்மாவும் வந்து ஒதுங்கி நின்றாள். காற்று மாறினால் அந்த வாரமே பனி உடைந்துவிடும் என்று கரையில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

ஆட்டம் முடியப்போகும் நேரம், இரு பக்கமும் சமம். ஆர்வோ கம்பங்களைத் தட்டினான். பின்னால் திறந்த வெளி. பதில் இல்லை. பிறகு காலுக்கு அடியிலிருந்து வந்தது. ஒரே ஒரு தட்டு. என் ஸ்கேட் அலகு வழியாக முழங்கால் வரை அதிர்ந்தது.

ஆர்வோ என்னைப் பார்த்தான். "ஒண்ணுதான்டா. வரச் சொல்லிட்டான்."

கோலை அப்படியே விட்டுவிட்டுப் போனான். எதிரணிக்காரன் காலி கோலுக்குள் வட்டைத் தள்ளினான். பாஸ்கோ ஆர்வோவின் பரம்பரையையே இழுத்துத் திட்டினான். நான் ஆர்வோவின் பின்னால் ஓடினேன். சுலோ அவனைத் தண்ணீருக்குள் கூப்பிடுகிறான் என்றுதான் நினைத்தேன். அவன் சட்டையைப் பிடித்தேன்.

"விடுடா, எனக்கு வழி தெரியும்" என்றான்.

சுலோ விழுந்த பக்கம் அவன் போகவில்லை. நீரோட்டத்துக்கு எதிராக, பழைய நிலக்கரிப் படகுத்துறையின் மரக்கால்கள் நட்டுக்கிடந்த பக்கம் போனான். ஓட்டத்தை எதிர்த்துப் பிணம் போகுமா என்று யாரும் அங்கே தேடவே இல்லை. மரக்கால்களுக்கு நடுவே நின்று, பனியில் இரண்டு தட்டுத் தட்டினான். நீ அங்கேயே இரு, நான் பார்த்துக்கொள்கிறேன். பிறகு மட்டையை இளகிய பனியில் செங்குத்தாகக் குத்தி நிறுத்திவிட்டு, ரம்பம் கொண்டுவரச் சொன்னான்.

பைத்தியம் என்று முணுமுணுத்துக்கொண்டேதான் அறுத்தார்கள். சுலோ மட்டைக்கு நேர் கீழே, இரண்டு மரக்கால்களுக்கு இடையில் நின்றுகொண்டிருந்தான். முகம் கெடவில்லை. வட்டு இன்னும் கையுறைக்குள் இருந்தது. ஹில்மா பனியின் மேல் நடந்து வந்து, மண்டியிட்டு, அவன் முடியை ஒதுக்கிவிட்டாள். "வந்துட்டியா கண்ணு" என்று சொல்லிவிட்டு அப்போதுதான் அழுதாள். சுலோவைப் புதைத்த மறுநாள் காற்று மாறியது, குடாவில் பனி வெடித்து ஏரிக்கு ஓடியது.

ஆர்வோ அதற்குப் பிறகு ஸ்கேட் கட்டவே இல்லை. அம்மாவைக் கடைசிவரை வைத்துப் பார்த்துக்கொண்டான், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பாஸ்கோ பல வருஷம் அவனோடு பேசவில்லை. கோபம் ஆறியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனான். போனவன் சும்மா இருக்கக் கூடாதா, கேலிக்காகக் கதவை ஒரே ஒரு தட்டுத் தட்டினான்.

கதவு திறக்க நேரமாயிற்று. திறந்தபோது ஆர்வோ கோட்டு, தொப்பி மாட்டி, பூட்ஸ் கயிறு இறுகக் கட்டி நின்றிருந்தான். எங்களைப் பார்த்ததும் அவன் முகம் தொங்கிப்போனது.

"ஓ, நீங்களா" என்றான். காபி போட்டுக் கொடுத்தான். பாஸ்கோ அதன்பின் அந்த விளையாட்டை விளையாடவில்லை.

போன மாதம் ஒரு காலை, வழக்கம்போல் இறைச்சி அடைத்துச் சுட்ட பேஸ்டி வாங்கிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். இரண்டு முறை தட்டினேன். பதில் இல்லை. கதவு பூட்டியிருக்கவில்லை. கதவுக்கு நேரே நாற்காலி போட்டு ஆர்வோ உட்கார்ந்திருந்தான். நல்ல ஜூலை வெயிலில் கம்பளிக் கோட்டு, தொப்பி, கயிறு கட்டிய பூட்ஸ். உடம்பில் இன்னும் லேசாகச் சூடு இருந்தது. முகத்தில் அந்தத் தொங்கல் இல்லை.

பக்கத்து வீட்டுக்காரி வேலி ஓரமாக வந்து எட்டிப் பார்த்தாள். "விடியக்காலைலேயே யாரோ தட்டினாங்களே, அதுவும் நீங்கதானோ?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன். எத்தனை தட்டு என்று நான் கேட்கவில்லை.