விழுந்து காட்டிய வகுப்பு

நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் சேஃப்டி ஆபீசராகச் சேர்ந்த புதிதில், என் வகுப்பில் தூங்காத ஒரே ஆள் நான்தான். மதியச் சாப்பாடு முடிந்த கையோடு, சாப்பாட்டு ஷெட்டிலேயே வகுப்பு. "விதி ஒன்று: வாசலில் எதையும் போடக் கூடாது" என்று தொடங்குவேன். விதி இரண்டுக்குள் குறட்டை கேட்கும்.

முதலாளி கூப்பிட்டார். "பாடம் எடுக்குறீகளா, தாலாட்டுப் பாடுறீகளா? நாளைக்கு ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வாராரு. அவரு முன்னாடியும் தூங்குனாங்கன்னா, நீங்க பொட்டியக் கட்டிருங்க."

வீட்டில் அப்போதுதான் எனக்குப் பெண் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். வேலை போனால் பெண்ணும் போச்சு. பயந்துபோய், சிவகாசியில் ஒரு சிடி கடையில் பழைய ஊமைப்படக் காமெடி சிடி ஒன்றை வாங்கினேன். பேச்சே கிடையாது, விழுவதும் எழுவதும்தான். சிரிக்கவைத்தே பாடம் நடத்தப்போகும் மேதை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஷெட்டில் பிளக் பாயிண்ட் இல்லை. மறுநாள் ஆபீசிலிருந்து வாசல் வழியே வயர் இழுத்து டிவியைப் போட்டேன். இன்ஸ்பெக்டர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். படத்தில் ஒரு குண்டு மனிதர் ஏணியோடு விழுந்தார், சிரிப்பில் ஷெட்டே அதிர்ந்தது. மாவு வாளி அவர் தலையில் கவிழ்ந்தபோது இன்ஸ்பெக்டரே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்து அதே குண்டு மனிதர், வெடிமருந்துப் பீப்பாய் மேல் உட்கார்ந்து சுருட்டுக்குத் தீக்குச்சி உரசினார். படத்திலேயே பெரிய காமெடி இதுதான் என்று நான் முன்கூட்டியே சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

பேக்கிங் பார்க்கும் மாரியம்மாள் அக்கா எழுந்து டிவியைப் பார்த்துக் கத்தினார். "ஏலே, குச்சியக் கீள போடாதலே! எந்திரிச்சு ஓடுலே!"

அவர் குச்சியைப் போட்டார். மொத்த ஷெட்டும், இன்ஸ்பெக்டர் உட்பட, வெளியே ஓடியது. வாசலில் கிடந்த வயரை ஒவ்வொருவரும் தாண்டினார்கள். கடைசியாக ஓடிய நான் தாண்டவில்லை. வாசலுக்கு வெளியே இருந்த கைகழுவும் தொட்டிக்குள் தலைகுப்புற விழுந்தேன். வயர் பிடுங்கிக்கொண்டு படமும் நின்றது.

நிமிர்ந்து பார்த்தால், எல்லாரும் வெளியே வந்துவிட்டார்களா என்று அக்கா தலை எண்ணிக்கொண்டிருந்தார். அவர்களுக்கு அது படமில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது.

இன்ஸ்பெக்டர் வயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "என்னய்யா இது?"

பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன். அக்கா முந்திக்கொண்டார். "வாசல்ல எதுவும் கெடக்கக் கூடாதுல்ல சார். கெடந்தா என்னாகும்னு எங்க சாரு விளுந்து காட்டுனாக."

வேலை நிலைத்தது. இந்த ஊரில் விழுவதைக் காட்டிச் சிரிக்கவைக்கலாம், தீயைக் காட்டி முடியாது என்று கற்றுக்கொண்டேன். அதற்கப்புறம் என் வகுப்பில் யாரும் தூங்கியதில்லை. "விதி ஒன்று" என்று வாயைத் திறந்தாலே பின் வரிசையிலிருந்து குரல் வரும்.

"சார், இன்னைக்கு எப்ப விளுவீக?"