மைக்கைப் பங்கிட்ட வீடு

வீடு வீடாகப் போய் ஸ்பீக்கர் பொருத்துவது அவனுக்குத் தொழில். ஸ்பீக்கரை மனிதர்கள் படுத்தும் பாட்டில் அவன் பார்க்காதது எதுவும் பாக்கியில்லை. பீரோவுக்கு மேல் படுக்கவைப்பார்கள். திரைச்சீலைக்குப் பின்னால் ஒளித்துவைப்பார்கள். வலதும் இடதும் ஒரே மூலையில் ஒட்டிக்கொண்டு நிற்கும். பிறகு, "சத்தம் தெளிவா இல்லையே" என்று அவனைப் பிடித்துக்கொள்வார்கள். வாடிக்கையாளரிடம் எரிந்துவிழ முடியாது. பல்லைக் கடித்தே பாதி வயது போய்விட்டது.

அக்கா வீட்டில் பல்லைக் கடிக்க வேண்டியதில்லை.

"அத்தான், இதை யாரு கண்ணாடி அலமாரிக்குள்ள வெச்சது?"

"வெளிய வெச்சா தூசி படியுது மாப்ளே."

படத்தின் வசனமெல்லாம் வரவேண்டிய நடு ஸ்பீக்கர் அது. கதவை வேறு சாத்தியிருந்தார்கள். அடித்தொனிக்கான பெரிய பெட்டி சுவர் மூலையில், தலையில் ஒரு பூந்தொட்டியோடு உறுமிக்கொண்டிருந்தது.

அவனை வரச்சொன்னது அக்காதான். "படம் பாக்கும்போது எல்லாரும் சிரிக்கிறாங்க, எனக்கு மட்டும் என்னன்னு புரியல. கேட்டா உங்க அத்தான் 'ஒண்ணுமில்ல, விடு'ங்கிறார். இப்பல்லாம் கேக்கறதையே விட்டுட்டேன்" என்று போனில் சொல்லியிருந்தாள். காதை டாக்டரிடம் காட்டியாகிவிட்டது. காதில் ஒரு குறையும் இல்லை. இந்த ஹோம் தியேட்டர் செட்டை வாங்கச் சொன்னவனே அவன்தான். அதுதான் அவனுக்கு உறுத்தியது.

நடு ஸ்பீக்கரை வெளியே எடுத்து, முகம் சற்று மேலே பார்க்கிற மாதிரி அலமாரி விளிம்பில் வைத்தான். தொட்டியை இறக்கினான். அடுத்து, அறைக்கு ஏற்றபடி ஒலியைத் திருத்தும் வேலை. உட்காரும் இடத்தில் காது உயரத்துக்கு ஒரு சின்ன மைக்கை வைத்தால், கருவி "ஊய்ங்" என்று கத்தி, சுவர்கள் செய்யும் சேட்டையைக் கேட்டுத் தன்னைச் சரிசெய்துகொள்ளும்.

"முன்னாடி அளவெடுத்தது யாரு?"

"நான்தான். எட்டு இடத்துல வைக்கச் சொல்லுச்சு. வீட்டுல எல்லாருக்கும் சமமா இருக்கட்டும்னு வெச்சேன்."

சோபா, தன் அம்மாவின் கட்டில், மகளின் படிப்பு மேசை, சாப்பாட்டு மேசை, பால்கனி என்று அத்தான் விரல்விட்டு எண்ணினார். அலுவலகத்தில் எல்லாருக்கும் லீவு பங்கிடுகிறவர். மைக்கையும் பங்கிட்டுவிட்டார்.

"ஒருத்தர் தலையைச் சுத்தி எட்டு இடம் அத்தான். ஊரைச் சுத்தி இல்ல. சரி, அக்கா இடம் எது?"

"அவ எங்க உக்காருறா? நடந்துக்கிட்டேதானே இருப்பா."

சமையலறை வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. அக்கா உட்கார்ந்தால் அதில்தான். கருவிக்கு அப்படியொரு நாற்காலி இருப்பதே தெரியாது.

"அந்த இடத்துல யாரு உக்காந்தாலும் கேக்காது. அக்கா, நீ சோபா நடுவுல வா."

சோபாவின் நடு, அத்தானின் இடம். மெத்தைகூட அவர் அளவுக்குக் குழிந்திருந்தது.

"அடுப்புல வேலை இருக்குமே அவளுக்கு" என்றார்.

அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

அவள் காது வரும் உயரத்தைக் குறித்துக்கொண்டு, அவளை எழுப்பிவிட்டு, மைக்கை நிறுத்தினான். "யாரும் வாயத் திறக்காதீங்க."

ஊய்ங்.

"முடிஞ்சுதா தம்பி?" உள்ளறையிலிருந்து அக்காவின் மாமியார்.

மறுபடி முதலிலிருந்து. ஊய்ங். மகள் நாற்காலியை இழுத்தாள். மறுபடி. ஊய்ங்.

"நீ பண்ணுப்பா, நான் பேசவே மாட்டேன்" என்றார் மாமியார்.

அவன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

ஒருவழியாக எட்டும் முடிந்து படத்தைப் போட்டபோது, அத்தான் பழக்கத்தில் சோபாவை நோக்கி வந்தார். நடுவில் அக்கா, மிச்ச இடத்தில் மகள் காலை நீட்டியிருந்தாள். அவர் பிளாஸ்டிக் நாற்காலிக்குப் போனார்.

படத்தில் ஒருவன் வாய்க்குள்ளேயே ஏதோ முணுமுணுத்தான். அக்கா சிரித்தாள். முதல் ஆளாக.

"இங்க ஒண்ணுமே புரியலையே மாப்ளே."

"அங்க புரியாதுன்னு அப்பவே சொன்னேன்ல."

உள்ளறையிலிருந்து குரல் வந்தது: "சமையலறைப் பக்கம் யாரு? கொஞ்சம் வெந்நீர் கொண்டாங்க."

அக்கா திரும்பவில்லை. அத்தான் அவளையே பார்த்தார். பிறகு எழுந்து சமையலறைக்குள் போய், வெந்நீர் எதில் வைப்பது என்று அங்கிருந்து கேட்டார்.

அவன் ரிமோட்டை எடுத்து, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினான்.